39 வாரம் 4 நாள், வலி வரலைங்க: எதைப் பாத்துக் காத்திருக்கறது, எப்பக் கிளம்பறது?

கேள்வி: வெள்ளகோவில் தோட்டம்

தங்கச்சிக்கு முதல் பிரசவமுங்க. கட்டுச்சோறு ஆக்கிக் கூட்டியாந்தது, எங்க தோட்டத்துச் சாளையிலதான் இருக்கறா. இன்னைக்கு சித்திரை 15, கணக்குப்படி 39 வாரம் 4 நாள். 12-ஆம் வாரத்துல எடுத்த முதல் ஸ்கேன்ல பிரசவத் தேதி சித்திரை 18. கடைசி மாதவிலக்குக் கணக்கும் ஒரு நாள் வித்தியாசத்துல அதேதான். ஆனா போன வாரம் எடுத்த ஸ்கேன் பதினோரு நாள் தள்ளிக் காட்டுது. அதுல எடை 2.8 கிலோ, தலை கீழ, நீர் அளவு 9, கழுத்துல கொடி ஒரு சுத்துன்னு எழுதியிருக்குது. ரத்த அழுத்தம், சர்க்கரை ரெண்டும் சரியா இருக்குது.

டாக்டரம்மா பரிசோதனை பண்ணிட்டு, கர்ப்பப்பை வாய் மூடியிருக்குது, தலை இன்னும் இறங்கல, 41 வாரம் வரைக்கும் பாக்கலாம், அதுக்குள்ள வலி வரலைன்னா ஆஸ்பத்திரியில சேர்ந்து, வலி வரவெக்கற ஜெல் வெக்கோணும்னு சொன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுல, ஸ்கேன் தேதி தள்ளித்தான இருக்குது, சித்திரை போகட்டும், வைகாசி பொறந்தப்பறம் பாத்துக்கலாம்கறாங்க. எங்க அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) விளக்கெண்ணெய் குடுத்தா தானா வந்துருங்கறாங்க. ராத்திரியில வயிறு கல்லாட்டம் இறுகி, ஒரு மணி நேரத்துல விட்டுருது.

ஆஸ்பத்திரி ஈரோட்டுல. கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். எந்தத் தேதியை நம்பறது, எந்த வலிக்குக் கிளம்பறது, இந்தப் பத்து நாள்ல என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.


பதில் 1: பிரசவ அறைச் செவிலி, ஈரோடு

ராத்திரி இறுகி விடறது சூட்டு வலிதாங்க. 37 வாரத்துக்கு மேல இது சகஜம். கத்திரி நெருங்கற இந்த வெயில்ல உடம்புல தண்ணி குறைஞ்சாலே கர்ப்பப்பை இறுகும். மூத்திரம் அடக்கி வெச்சாலும் இறுகும். இறுகும்போது ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சு, மூத்திரம் போயிட்டு, இடது பக்கமா ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லுங்க. வெதுவெதுப்பான தண்ணியில குளிக்கலாம். சூட்டு வலின்னா அடங்கிரும், இடைவெளி தாறுமாறா இருக்கும், அடிவயித்தோட நின்னுக்கும். சீரகத் தண்ணி குடிச்சா பொய் வலி நிக்கும்னு ஊர்ல சொல்றது பெரும்பாலும் அந்தத் தண்ணியாலயும் ஓய்வாலயும் நடக்கறதுதான். ஒரு டம்ளர் குடிக்கறதுல தப்பில்லைங்க. மூத்திரம் போகறப்ப எரிச்சல், காய்ச்சல் இருந்தா மட்டும் கிருமித் தொற்றான்னு பாத்துருங்க, அதுவும் இப்படி இறுக வெக்கும்.

நெச வலி முதுகுல, இடுப்புல ஆரம்பிச்சு முன்னால சுத்திட்டு வரும். நடந்தாலும் படுத்தாலும் நிக்காது. போகப்போக இடைவெளி குறையும், நேரம் நீளும், பேச்சை நிறுத்தி மூச்சு வாங்க வெக்கும். ஒரு வலி ஆரம்பிச்சதுலிருந்து அடுத்த வலி ஆரம்பிக்கற வரைக்கும் எத்தனை நிமிஷம், ஒவ்வொண்ணும் எத்தனை விநாடின்னு ஒரு தாள்ல எழுதுங்க. முடிஞ்சதிலிருந்து எண்ணக்கூடாது, நெறையப் பேரு இதுலதான் தப்புக் கணக்குப் போடறாங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கற முதல் பிரசவத்துக்கு 5 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒரு நிமிஷம் நீடிக்கறது, இப்படி ஒரு மணி நேரம் விடாம வந்தாக் கிளம்பச் சொல்வோம். உங்களுக்குப் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல, அதனால 7, 8 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா வரும்போதே கிளம்பிருங்க. ரெண்டாவது பிரசவமா இருந்தா 10 நிமிஷத்துலயே கிளம்பச் சொல்லியிருப்பேன்.

வலி இருந்தாலும் இல்லாட்டியும் உடனே வரவேண்டிய சமயம் தனியா இருக்குதுங்க, அதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சுருங்க.

பனிக்குடம் உடைஞ்சா மணி பாத்து எழுதிக்குங்க. மூத்திரமா, பனிநீரான்னு சந்தேகம் வந்தா சுத்தமான நாப்கின் வெச்சு அரை மணி நேரம் படுத்து எந்திரிக்கச் சொல்லுங்க. எந்திரிக்கும்போது மறுபடி வழிஞ்சு, மூத்திர வாடை இல்லாம இருந்தா அது பனிநீருன்னு வெச்சுக்குங்க. தெளிவாவோ வைக்கோல் நிறத்துலயோ இருந்தா, பதறாம, ஆனா அன்னைக்கே, வலிக்குக் காத்திருக்காம வரோணும். பச்சையாவோ காப்பி நிறமாவோ இருந்தா குழந்தை உள்ள மலம் கழிச்சிருக்குதுன்னு அர்த்தம், அப்ப ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. உடைஞ்சப்பறம் உறவு வேண்டாம், வீட்டுல யாரும் கை விட்டுப் பாக்கக் கூடாது, கிருமி ஏறும். உங்க தங்கச்சிக்குத் தலை இன்னும் இறங்கலைங்கறதால ஒண்ணை அழுத்திச் சொல்றேன்: நீர் குபுக்குன்னு போனதும் பிறப்புறுப்புல கயிறாட்டம் ஏதாவது தட்டுப்பட்டா அது தொப்புள்கொடி. நடக்க விடாதீங்க, கார்ல உக்கார வெக்காதீங்க. முழங்கால் போட்டு, நெஞ்சு தரையில பட, இடுப்பைத் தூக்கி வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க. வண்டியில இடது பக்கமாப் படுக்க வெச்சு, இடுப்புக்கு அடியில தலகாணி குடுத்துக் கூட்டிட்டு வாங்க. கொடியை உள்ள தள்ள முயற்சி பண்ண வேண்டாம். இது அபூர்வந்தான், ஆனா அந்தச் சில நிமிஷந்தான் குழந்தையைக் காப்பாத்தும்.

சளியாட்டம், கோடு கோடா ரத்தம் கலந்து வர்றது கர்ப்பப்பை வாய் இளகறதுக்கு அடையாளம். வலி சில மணி நேரத்துலயும் வரலாம், சில நாள் கழிச்சும் வரலாம், அதுக்காக ஓடி வர வேண்டியதில்லை. மாதவிலக்காட்டம் சிவப்பா ரத்தம் போனாலோ, வயிறு விடாம கட்டையா இறுகி வலிச்சாலோ அது வேற, உடனே வரோணும். தலைவலி விடாம இருக்கறது, கண்ணுல பூச்சி பறக்கறது, மேல்வயித்து வலி, முகம் வீங்கறது எல்லாம் ரத்த அழுத்தம் ஏறுறதா இருக்கலாம். போன வாரம் அழுத்தம் சரியா இருந்துச்சுங்கறதை நம்பி இருந்துராதீங்க.


பதில் 2: மகப்பேறு மருத்துவர், பொள்ளாச்சி

தேதி விஷயத்தில் குழப்பமே இல்லை, உங்கள் தேதி சித்திரை 18தான். 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை நீளத்தை அளந்து வயது சொல்கிறார்கள். அந்தப் பருவத்தில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும், அதனால் பிழை ஒரு வாரத்துக்குள்தான். கடைசி மாத ஸ்கேன் சொல்வது குழந்தையின் பருமனை. அதை வயதாக மாற்றும்போது மூன்று வாரம் வரைக்கும் முன்னும் பின்னும் போகலாம். 12-ஆம் வார ஸ்கேனும் மாதவிலக்குக் கணக்கும் ஒத்துப்போன பிறகு, கடைசி ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது. அதில் இருக்கும் 2.8 கிலோவும் தோராயம்தான், பத்து, பதினைந்து சதவீதம் கூடக் குறைய இருக்கும்.

இதை வைத்து சித்திரைக் கணக்கைப் பாருங்கள். சித்திரை 25 அன்று 41 வாரம். சித்திரைக்கு 31 நாள், ஆக வைகாசி 1 அன்று முழுதாக 42 வாரம் ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் கேட்பது வெறும் சில நாள் பொறுமை என்று தோன்றும், ஆனால் அந்த ஒரு வாரம்தான் முழுக் கர்ப்பத்திலும் காத்திருக்கவே கூடாத வாரம். 41-க்குப் பிறகு நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையும், பனிநீர் வற்றும், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுக்கும் வாய்ப்பு கூடும். வயிற்றிலேயே குழந்தை இறப்பது மொத்தத்தில் குறைவுதான், ஆனாலும் 41-க்கு மேல் அது ஏறிக்கொண்டே போகும். இதை மாப்பிள்ளையையும் அவருடைய அம்மாவையும் நேரில் அழைத்துப்போய் உங்கள் மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். நட்சத்திரம் பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஜாதகத்துக்காக 39 வாரத்துக்கு முன்பே அறுத்து எடுத்து, குழந்தை மூச்சுத் திணறி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதும், மாதம் கடக்கட்டும் என்று 42 வரை இழுப்பதும் இரண்டுமே குழந்தை தலையில்தான் விடியும்.

41 வரை காத்திருக்கலாம் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. ரத்த அழுத்தம், மருந்து தேவைப்படும் சர்க்கரை, வளர்ச்சிக் குறைவு, நீர் குறைவு, இரட்டைக் குழந்தை என்றால் முன்னதாகவே முடிவெடுப்போம். உங்கள் தங்கைக்கு இவை எதுவும் இல்லை. நீர் அளவு 9 சாதாரணம்தான், 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்போம். நீர் கம்மி என்று யாராவது பயமுறுத்தினால் எண்ணைக் கேளுங்கள்.

கொடிச் சுற்று பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு அருகில் கழுத்தில் கொடி சுற்றி இருக்கும். கொடிக்குள் வழுவழுப்பான கூழ் போன்ற பொருள் ரத்தக்குழாயை நசுங்காமல் காக்கிறது. குழந்தை கழுத்து வழியாக மூச்சு விடுவதும் இல்லை. தலை வந்ததும் விரலால் எடுத்து விட்டுவிடுவார்கள். அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. வலியின்போது இதயத்துடிப்பு தொடர்ந்து இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஜெல் வைப்பதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றைக்குச் சண்டை வராது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவா கெட்டியா, எந்தப் பக்கம் பார்க்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவோம். மொத்தம் 13. ஆறும் அதற்குக் கீழும் என்றால் வாய் இன்னும் பக்குவப்படவில்லை, முதலில் அதை இளக்க வேண்டும். ஜெல் என்றால் ஆறு மணி நேர இடைவெளியில் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். சில இடங்களில் மெல்லிய ரப்பர் குழாயை வாய்க்குள் செலுத்தி, நுனியில் உள்ள பலூனில் 30 முதல் 60 மில்லி உப்பு நீர் ஏற்றுவார்கள். வாய் மூன்று, நாலு சென்டிமீட்டர் திறந்ததும் அது தானே விழுந்துவிடும். பிறகுதான் பனிக்குடத்தை உடைப்பதும், ஊரில் வலி ஊசி என்று சொல்லும் ஆக்ஸிடோசின் சொட்டு மருந்தும். முதல் பிரசவத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒரு நாள், சில சமயம் ஒன்றரை, இரண்டு நாள் கூட ஆகும். ஜெல் வைத்து 12 மணி நேரத்தில் 'ஏன் இன்னும் பிறக்கல' என்று கேட்டு, பயத்தில் சிசேரியன் செய்யச் சொல்லி உறவினர்களே நெருக்குவது அடிக்கடி நடக்கிறது. இளகுவதற்கே அந்த நேரம் வேண்டும். கூட இருக்க இரண்டு பேர் மாறி மாறி வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து, 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வருவது. இடைவெளி இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆக்சிஜன் போதாது, துடிப்பு இறங்கும். அப்போது சொட்டு மருந்தை நிறுத்தி இடது பக்கம் படுக்க வைப்பார்கள். அதனால்தான் இப்படி மருந்து வைத்து வலியைத் தூண்டுவது முழுக்க இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் இடத்தில் நடக்க வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள் இதைப் படித்தால், இந்த மருந்துகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், தையல் போட்ட இடம் விட்டுப்போகும் அபாயம் உண்டு.

அடுத்த பரிசோதனையில் வாய் ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருந்தால், பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பைச் சுவரிலிருந்து விரலால் சுற்றிப் பிரித்து விட முடியுமா என்று கேளுங்கள். கொஞ்சம் வலிக்கும், ஒரு நாள் லேசாக ரத்தம் படும். ஆனால் தானே வலி வரும் வாய்ப்பு கூடும், ஜெல் தேவையே இல்லாமலும் போகலாம்.


வெள்ளகோவில் தோட்டம்

நெம்ப நன்றிங்க டாக்டர், செவிலி அக்காவுக்கும் நன்றி. வைகாசி ஒண்ணுன்னா 42 வாரம்னு கணக்குப் போட்டே பாக்கலைங்க, அதை அப்படியே மாப்பிள்ளைகிட்டக் காட்டறேன். இன்னொண்ணு, முன்னாட்டம் உதைக்கறதில்லை, நெளியறாப்ல இருக்குதுங்கறா. வயித்துல இடம் பத்தாது, பிரசவம் நெருங்கினா அசைவு குறையும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படித்தானுங்களா? விளக்கெண்ணெய்க்கும் ஒரு பதில் சொல்லிருங்க.


பதில் 3: பிரசவ அறைச் செவிலி, ஈரோடு

குறையும்கறது தப்புங்க. உதை மாறி உருளறது, நெளியறது ஆகும், அது சரி. எண்ணிக்கை குறையக் கூடாது. பிரசவ நாள் வரைக்கும், வலி வந்தப்பறமும் குழந்தை அசையோணும். இப்பவே ஏதாவது சாப்பிட்டுட்டு இடது பக்கமாப் படுத்து, செல்போனைத் தள்ளி வெச்சுட்டு எண்ணச் சொல்லுங்க. உதை, உருளல், நெளியல் ஒவ்வொண்ணும் ஒண்ணு, விக்கல் கணக்கில்லை. ரெண்டு மணி நேரத்துக்குள்ள 10 வரோணும். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியிலயே வந்துரும். தினமும் ஒரே நேரத்துல எண்ணி, பத்தாவது அசைவுக்கு எவ்வளவு நேரமாச்சுன்னு எழுதுங்க. நேத்து 30 நிமிஷம், இன்னைக்கு ஒன்றரை மணி நேரம்னா 10 வந்துருச்சேன்னு சும்மா இருக்காதீங்க, அந்த மாற்றமே போதும் கிளம்ப. ரெண்டு மணி நேரத்துல 10 வரலைன்னா விடியட்டும், ஜூஸ் குடிச்சுப் பாக்கலாம்னு தள்ளிப் போடக் கூடாது. ராத்திரி ரெண்டு மணியானாலும் வந்து துடிப்புப் பதிவு எடுங்க, 20 நிமிஷ வேலை. வயித்துல குழந்தை போனப்பறம் வர்ற தாய்மார்கள்ல பல பேரு, ரெண்டு நாளா அசைவு கம்மியாத்தான் இருந்துச்சுன்னு சொல்றாங்க. மனசு ஆறாத விஷயம் அது.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாமுங்க. அதுல இருக்கற ரிசினோலிக் அமிலம் குடலை முறுக்கறாப்லயே கர்ப்பப்பையையும் முறுக்கும், ஆனா எவ்வளவு முறுக்கும்னு யாராலயும் கட்டுப்படுத்த முடியாது. வாய் மூடியிருக்கும்போது குடுத்தா வயித்துப்போக்கும் வாந்தியும் வந்து, தண்ணி வத்தி, சோர்ந்த உடம்போட பிரசவ அறைக்கு வருவாங்க. கஷாயம், நாட்டு மருந்து எதுவும் என்ன சேர்ந்திருக்குதுன்னு தெரியாம வேண்டாம். அன்னாசி, பப்பாளி தின்னு வலியை வரவழைக்கறதும் நடக்காது. டம்ளர் டம்ளரா நெய் குடிச்சா குழந்தை வழுக்கிட்டு வராது, அது போற பாதை வேற. பேரீச்சம்பழம் தினம் ஆறு, சர்க்கரை இல்லாதவங்க தின்னலாம், கர்ப்பப்பை வாய் இளக உதவுதுன்னு சின்ன ஆய்வுகள் இருக்குது. மலச்சிக்கலுக்கும் நல்லது.

காலையில ஏழு மணிக்குள்ள, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்பறம் அரை அரை மணி நேரம் நடக்கட்டும். உச்சி வெயில்ல வேண்டாம். கைகால் ஊன்றி மாட்டாட்டம் நின்னு இடுப்பை மேலயும் கீழயும் அசைக்கறது தலை இறங்கற வாகுக்கு நல்லது, முதுகு வலியும் குறையும். நாளுக்கு ரெண்டரை, மூணு லிட்டர் தண்ணி, மோரு, கம்மங்கூழுக் கரைசல் எல்லாம் சேர்த்துத்தான். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரசவத்துல ரத்தம் போகும், கையிருப்பு வேணும். பகல்லயும் தூங்க விடுங்க. வந்தாச்சா, வந்தாச்சான்னு போன் பண்ணற சொந்தக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லிருங்க.


பதில் 4: கிராம சுகாதார செவிலியர், அந்தியூர் வட்டாரம்

வழி பத்தி ஒண்ணு சொல்லோணும். சாளைக்கு இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவால போற தடம்) வழியாத்தான் போகோணும்னா 108 வண்டி திரும்ப இடம் இருக்குதான்னு இன்னைக்கே பாத்து வெச்சுருங்க. ராத்திரியில எல்லா வேலியும் ஒண்ணாட்டந்தான் தெரியும். கூப்பிடும்போது ஊர் பேரோட, எந்த ரோட்டுல, எந்தக் கோயிலோ பள்ளிக்கூடமோ தாண்டி எந்தப் பக்கம் திரும்போணும்னு சொல்லி, ஒரு ஆளை டார்ச்சோட ரோட்டு முனையில நிக்க வையுங்க. எத்தனை வாரம், முதல் பிரசவமா, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு, நீர் உடைஞ்சுதா, என்ன நிறம், ரத்தம் போகுதா, இதைச் சொன்னா வண்டியில வர்றவங்க தயாராவே வருவாங்க. ஈரோடு போற வழியில நிலைமை மோசமானா எங்க நிறுத்தறதுன்னும் முடிவு பண்ணி வையுங்க. காங்கேயம் வழியாப் போறதா இருந்தா அங்க அரசு மருத்துவமனை இருக்குது.

மலைமேல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, பர்கூர், தாளவாடி, வால்பாறை எதுவா இருந்தாலும் வலி வந்தப்பறம் மலையிறங்கலாம்னு இருக்காதீங்க. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவக் காத்திருப்பு அறை இருக்கற இடம் உண்டு. பிரசவத் தேதிக்குப் பத்து நாளைக்கு முன்னயே வந்து தங்கலாம், உங்க செவிலியர்கிட்டக் கேளுங்க.

பையில தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிஞ்சப்பக் குடுத்த எண்), எல்லா ஸ்கேனும், குறிப்பா அந்த 12-ஆம் வார ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆதார், அவங்க பேருல வங்கிப் புத்தகம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல பதிஞ்சிருந்தா பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும். துவைச்சு வெயில்ல காயவெச்ச பழைய பருத்தித் துணி குறைஞ்சது பத்து வேணும், பெரிய நாப்கின், முன்னால திறக்கற நைட்டி ரெண்டு. கை நிறைய இருக்கற கண்ணாடி வளையலைக் கிளம்பறதுக்கு முன்னயே கழட்டிருங்க. ஊசி போடவும் அழுத்தம் பாக்கவும் கை வேணும், வலியில கட்டிலைப் பிடிக்கும்போது உடைஞ்சு குத்தும். மோதிரமும் கழட்டோணும், விரல் வீங்கிரும். நகப்பூச்சு இருந்தா அழிச்சுருங்க, ஆக்சிஜன் பாக்கற கருவி சரியாக் காட்டாது. வெறும் வயித்தோட கிளம்ப வேண்டாம், ரெண்டு இட்லியோ கஞ்சியோ போதும்.

ரத்த வகையை அட்டையில பாருங்க. நெகட்டிவ்னா இப்பவே ஆஸ்பத்திரியில சொல்லி வையுங்க. குழந்தைக்குப் பாசிட்டிவ்வா இருந்தா பிறந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடோணும், அது எல்லா நேரமும் எல்லா இடத்துலயும் இருப்பு இருக்காது.


வெள்ளகோவில் தோட்டம்

எண்ணிப் பாத்தமுங்க, 35 நிமிஷத்துல 10 வந்துருச்சு, எழுதி வெச்சுட்டோம். ரத்தம் ஓ பாசிட்டிவ். இட்டேரியில கிளுவைக் கொம்பு ரோட்டுக்கு வந்து அடைச்சிருக்குது, காலையில அப்பா வெட்டிவிடறேன்னுட்டாரு. திங்கக்கிழமை பரிசோதனைக்கு மாப்பிள்ளையும் வர்றாரு, சவ்வு பிரிச்சு விடறதைக் கேட்டுட்டு வந்து எழுதறேன்.